க்ரூஸ் பிரியர்களான இணைய நண்பர்களோடு குமரிக் கடற்கரையின் அன்றாடச் சுகங்களைப் பகிர்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

க்ரூஸ் எனும் உல்லாசக் கப்பல் பயணத்தின் பிரியர்கள் வருஷத்தில் பத்து நாளோ பதினைந்து நாளோதான் கப்பலில் இருப்பார்கள். மீதி நாள் முழுக்க கரையில் உட்கார்ந்து கடலை நினைத்துக்கொண்டிருப்பார்கள். குமரி மாவட்டத்துக்காரருக்கோ கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தினமும் கிடைப்பது அவர்களுக்குக் காத்திருந்து கிடைப்பது. அதனால் இந்த நட்பில் நீங்கள் கொடுக்க நிறைய இருக்கிறது, பெரிய செலவும் இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உலகத்தின் அழகான துறைமுகங்களைப் பார்த்தவர்கள். கூகுளில் கிடைக்கிற சூரிய உதயப் படம் அவர்களை அசைக்காது. இன்று, இந்த மணிக்கு, உங்கள் ஊர்க் கடல் எப்படி இருந்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதைச் சரியாகச் செய்வதற்கான வழிகள்.

மணிக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

நண்பர் இருக்கும் ஊரின் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டுதான் எதையும் அனுப்ப வேண்டும். லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்னால். நியூயார்க்கும் மயாமியும் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். கப்பலில் இருப்பவரிடம் மட்டும் "கப்பல் நேரம் என்ன?" என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் சில கப்பல்கள் மணியை மாற்றும், சில மாற்றாது. நண்பரின் போன் காட்டும் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. கன்னியாகுமரியில் உதயம் வருஷம் முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6:45-க்கும் இடையில்தான். அப்போது ஃபுளோரிடாப் பக்கம் இருக்கும் நண்பருக்கு முந்தைய நாள் இரவு எட்டு, எட்டரை, அதாவது சாப்பாடு முடிந்து டெக்கில் உலாவும் நேரம். நம் அஸ்தமனம் அவர்களுக்குக் காலைச் சாப்பாட்டு வேளை. ஜூன் மாதத்தில் மயாமியில் சூரியன் இறங்குவது அவர்கள் மணிக்கு 8:15 வாக்கில், நம் மணிக்கு விடியற்காலை 5:45. இங்கே சூரியன் எழுவது 6:05 வாக்கில். அங்கே முங்கி இருபது நிமிடத்துக்குள் இங்கே எழும். அவர் தன் அஸ்தமனத்தை அனுப்ப, நீங்கள் பதிலுக்கு உதயத்தை அனுப்பலாம். ஒரே சூரியனை இரண்டு பேரும் கை மாற்றிக்கொள்வது போன்றது அது. ஒருதடவை செய்து பாருங்கள், அந்த நண்பர் மறக்கமாட்டார்.

உதயத்தைப் படம் பிடிப்பது

இடம்: கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் கூட்டம் நெரியும். வட்டக்கோட்டை, சின்னமுட்டம் பக்கத்துக் கரைகள் அமைதியானவை. அஸ்தமனம் கடலிலேயே விழ வேண்டும் என்றால் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வாருங்கள். சித்திரை பாதியிலிருந்து ஆவணி வரை சூரியன் வடமேற்கே சாய்வதால் குமரி முனையிலிருந்து பார்த்தால் கரையின் பக்கமாக இறங்கும். நண்பரிடம் "சூரியன் கடலுக்குள் போவதைக் காட்டுகிறேன்" என்று ஆனி மாதத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சித்ரா பௌர்ணமி மாலையின் அழகு வேறு. மேற்கே சூரியன் இறங்க இறங்க, கிழக்கே கடலிலிருந்து நிலா எழுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அந்த நாளை முன்கூட்டியே சொல்லிவைத்து நேரலை வீடியோ அழைப்பு போடுங்கள்.

கேமராவைத் திறப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்க வேண்டும். கடற்கரையில் பத்து நிமிடம் நின்றாலே உப்புத் துளி கண்ணுக்குத் தெரியாத படலமாக லென்ஸில் ஒட்டிவிடும். சூரியனுக்கு நேரே பிடிக்கும்போது படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், போன் அல்ல. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கீறும். பருத்தித் துணியின் ஒரு முனையை நல்ல தண்ணீரில் நனைத்து மெல்ல ஒற்றி, மறுமுனையால் ஈரத்தை எடுங்கள்.

பிறகு திரையில் சூரியனுக்குச் சற்றுப் பக்கத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் சூரியன் வெள்ளைப் பொட்டாகிவிடும். அடிவானம் சாய்ந்த படத்தை க்ரூஸ்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண் அடிவானத்தைப் பார்த்துப் பழகிய கண். அதனால் கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டு, அடிவானத்தைக் கோட்டோடு சேருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது எச்.டி. தேர்வு செய்யுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். டாக்குமென்டாகப் போகும் படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பும் உள்ளே இருக்கும். வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமென்றால், கேமராவில் இருப்பிடப் பதிவை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும். ஊர், மணி, காற்று, கடல் நிறம். அளவு சொல்லும்போது அவர்களுக்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள். திருவள்ளுவர் சிலை 133 அடி என்பதோடு, 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம் என்று எழுதி, "குவீன் மேரி 2 கப்பல் 345 மீட்டர், இந்தப் பாலத்தைப் போல நாலரை மடங்கு" என்று சேர்த்தால் அவர்களுக்கு மனக்கண்ணில் உடனே விரியும்.

சத்தத்தையும் அனுப்புங்கள்

பலர் இதைச் செய்வதே இல்லை. நாற்பது விநாடி ஒலிப்பதிவு போதும். சின்னமுட்டத்தில் மீன் ஏலம் விடும் குரல், காலையில் கோயில் மணியும் சர்ச் மணியும் அடுத்தடுத்துக் கேட்கும் இடைவெளி, ஓட்டுக்கூரையில் விழும் ஐப்பசி மழை, சாயாக்கடையில் உயரத் தூக்கி ஆற்றும் ஓசை. இவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஒலிப்பதிவு கெடுவது காற்றால்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று மைக்கில் மோதி இரைச்சலைத் தவிர வேறெதையும் பதியவிடாது. போனின் கீழ்ப்பக்க மைக்கை மெல்லிய கைக்குட்டையால் ஒரு சுற்று சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி, சுவரையோ வள்ளத்தையோ ஒட்டி நின்று பதிவு செய்யுங்கள். பேசாதீர்கள். என்ன சத்தம் என்பதை எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏலக்கூடத்தில் ஆளைப் படம் எடுக்கவோ குரலைப் பதியவோ முன்னால் "எடுக்கலாமா அண்ணே? வெளிநாட்டு சிநேகிதருக்கு அனுப்பத்தான்" என்று கேட்டுவிடுங்கள். பலரும் சிரித்துக்கொண்டே சாளைக் கூடையைத் தூக்கிக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

கப்பல் பார்ப்பது: அவர்களுக்கு இதுதான் உயிர்

க்ரூஸ்காரர்கள் கப்பலிலிருந்து கரையைப் பார்ப்பவர்கள். கரையிலிருந்து கப்பலைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். குமரி மாவட்டம் அதற்கு ஏற்ற இடம். கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்கோ கொழும்புக்கோ போகிற கப்பல் குமரி முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மேற்கே நீரோடி, மார்த்தாண்டன்துறைப் பக்கம் நின்றால் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பல்கள் தெரியும். 2025 ஜூனில் 399.9 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. இரினா அங்கே வந்தது. உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் அது ஒன்று.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். மணலில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. முட்டம் போன்ற பாறை மேட்டில் கண் மட்டம் கடலுக்கு 25 மீட்டர் மேலே இருந்தால் 18 கிலோமீட்டர். கப்பலின் உச்சிக்கும் இதே கணக்கு. 50 மீட்டர் உயர க்ரூஸ் கப்பலுக்கு 25 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டுங்கள். மணலிலிருந்து 30, மேட்டிலிருந்து 43 கிலோமீட்டர் வரை கப்பலின் தலை தெரிய வேண்டும். வெளிறிய வெயில்நாளில் மூட்டம் இதில் பாதியைத் தின்றுவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் சிறந்தது. முதலில் தெரிவது கப்பலின் மேல்தட்டு மட்டும்தான். உடல் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும். அதைப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பினால் நண்பர் குழந்தை மாதிரி குதிப்பார்.

செய்முறை இப்படி. கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மரைன்டிராஃபிக் அல்லது வெசல்ஃபைண்டர் செயலியில் குமரி முனையைத் திறந்து, பயணிகள் கப்பலை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். கரையிலுள்ள ரிசீவருக்கு எட்டாத தூரத்தில் கப்பலின் இடம் பழையதாகவே நிற்கும். கடைசியாகச் செய்தி வந்த மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முந்தியதென்றால் கப்பல் அங்கே இருக்காது. பதினெட்டு நாட் வேகத்தில் போகும் கப்பல் ஒரு மணியில் 33 கிலோமீட்டர் தாண்டிவிடும். பைனாகுலர் வாங்குவதானால் 7×50 (ஏழு மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி கடற்காற்றில் கை ஆடுவதையும் பத்து மடங்காக்கும்.

கொச்சிக்கும் கொழும்புக்கும் இடையே மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பல், எந்தத் திசையில் போனாலும், குமரி முனையைக் கடக்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணியாவது ஆகிவிடும். அதனால் விளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய கப்பலில் இரண்டு வெள்ளை விளக்குகள் உயரத்தில் இருக்கும். முன்னால் உள்ளது தாழ்வு, பின்னால் உள்ளது உயரம். தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கமோ கப்பல் அந்தப் பக்கம் போகிறது. பக்கத்தில் வந்தால் நிற விளக்கும் தெரியும். குமரியில் தெற்கே பார்த்து நிற்கும்போது சிவப்பு தெரிந்தால் கப்பல் கிழக்கே, தூத்துக்குடி அல்லது கொழும்புப் பக்கம். பச்சை தெரிந்தால் மேற்கே. க்ரூஸ் கப்பல் முழுக்க விளக்காக இருக்கும், அதில் இந்த விளக்குகளைப் பிரித்தறிவது கடினம். ஆனால் அந்த ஒளிமாலையே அது க்ரூஸ் என்று சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. முட்டத்திலும் மற்ற பாறைக் கரைகளிலும் ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வரும் என்று பொருள். உலர்ந்த பாறைக்கு அப்பால் இறங்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் வரும் கள்ளக்கடல் இன்னும் மோசம். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, தொலைதூரத் தென்கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறும். இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் படம் எடுக்கக் கடப்புறத்துக்குப் போகவே வேண்டாம்.

வீடியோ அழைப்பில் முந்திரிக்கொத்து

சேர்ந்து சமைப்பதற்கு நம் ஊர்ப் பண்டங்களில் இதற்கு ஈடில்லை. மூன்று உருண்டைகள் ஒட்டி, திராட்சைக் கொத்து மாதிரி வருவதால் நண்பர்களுக்குப் பெயரும் நினைவில் நிற்கும். சாமான்கள் அவர்கள் ஊர் இந்தியக் கடையிலும் கிடைக்கும்: சிறுபயறு அரை கிலோ, வெல்லம் அல்லது கருப்பட்டி 400 கிராம், தேங்காய் ஒன்று, எள் 50 கிராம், ஏலக்காய் எட்டு, சுக்குப்பொடி அரை ஸ்பூன். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 200 கிராம், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். பொரிக்கத் தேங்காய் எண்ணெய்.

அழைப்புக்கு முந்தைய நாளே இருவரும் பயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் நீக்கி, ரவைப் பதத்தில் பொடித்துவைத்துவிடுங்கள். உருண்டையும் அன்றைக்கே பிடிக்க வேண்டும். தேங்காய்த்துருவலை ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும்வரை சிறு தீயில் வறுங்கள். இங்கே அவசரப்பட்டால் பண்டம் நாலாம் நாளே ஊசிப்போகும். வெல்லத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, விரலிடையில் ஒரு கம்பி இழுபடும்வரை காய்ச்சி, எல்லாவற்றையும் அதில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். ஆறிவிட்டால் உதிரும். பாகு இளம்பதமாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடைந்து கரும்பொடியாய் மிதக்கும். உருட்டியதை இரவு முழுக்கத் திறந்து வைத்து இறுகவிடுங்கள்.

மறுநாள் அழைப்பில் பொரிப்பது மட்டும்தான், அதனால் முக்கால் மணியில் முடியும். மாவு இட்லி மாவுப் பதம். நீர்த்தால் உருண்டை வெளியே தெரியும், கெட்டியானால் மேலோடு தடித்து மாவு வாசம் அடிக்கும். மூன்று உருண்டைகளை ஒன்றாக மாவில் முக்கி, ஒன்றாகவே எண்ணெயில் விடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். எண்ணெய் புகைந்தால் மேலே சிவந்து உள்மாவு வேகாது. போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் தோளுயரத்தில் சாய்த்து வைத்து, எண்ணெய்ச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். போட்டவுடன் இரைந்து, ஈரம் வற்ற வற்றச் சத்தம் அடங்கும். அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். கடல் கடந்து இருவர் ஒரே சத்தத்துக்குக் காத்திருக்கும் அந்த நிமிடத்துக்காகவே இந்த அழைப்பு.

பார்சல்

உள்நாட்டு நண்பருக்கு வீட்டுப் பண்டம் அனுப்பலாம். நன்றாக ஆறிய பிறகு, தகர டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்து, உள்ளே அசைவு இல்லாமல் இடைவெளியை அடைத்து அனுப்புங்கள். சூட்டோடு மூடினால் ஆவி குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும்.

வெளிநாட்டுக்கு வீட்டுப் பண்டம் வேண்டாம். கடையில் சீல் வைத்த, சேர்மானமும் தேதியும் அச்சிட்ட பொட்டலங்களே நல்லது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் சுங்கம் உணவுப்பொருளில் மிகக் கறார். பழம், விதை, கருவாடு, பால் சேர்ந்த பண்டம் எதையும் வைக்காதீர்கள். தபால் நிலையத்தில் அடையாளச் சான்றின் நகல் கொடுத்து, சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர், எடை, மதிப்பை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "தின்பண்டம்" என்று பொதுவாக எழுதினால் பார்சல் நிறுத்திவைக்கப்பட வாய்ப்பு அதிகம். எடை குறைவாக, கெடாமல், டப்பாவைத் திறந்ததும் ஊரே மணக்க வேண்டும் என்றால் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி கிராம்பு ஐம்பது கிராம், அந்த நாட்டு விதி அனுமதித்தால்.

பழகிய சில வாரத்தில் "உனக்கு அனுப்பிய பரிசு சுங்கத்தில் நிற்கிறது, பணம் கட்டு" என்று யாராவது கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அதேபோல நண்பர் கப்பலில் இருக்கும்போது அவர் பயணத் தேதிகளைப் பொதுவில் எழுதாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பது போலாகும்.

கப்பலில் இருக்கும்போது

இப்போது பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது. ஆனாலும் பலர் செய்தி மட்டும் போகும் குறைந்த விலைத் திட்டம் எடுத்திருப்பார்கள், அதில் வீடியோ இறங்காது. கேட்டுக்கொண்டு சின்னப் படமாக அனுப்புங்கள். சாதாரண போன் அழைப்பு செய்யவே செய்யாதீர்கள். கப்பலின் செல் அலைவரிசையில் சிக்கினால் ரோமிங் பில் அவர் தலையில் விழும். ஏர்பிளேன் மோடில் வைஃபை மட்டும் போட அவருக்கும் நினைவூட்டுங்கள்.

கொச்சியில் சந்திப்பது

நண்பரின் கப்பல் கொச்சியில் நின்றால் அவரைக் குமரிக்கு அழைக்க நினைக்காதீர்கள். சாலையில் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், போகவே ஏழு மணி நேரத்துக்கு மேல். கப்பல் காத்திருக்காது. நீங்கள் முந்தின இரவே ரயிலில் எர்ணாகுளம் போய்விடுங்கள். கப்பல் வில்லிங்டன் தீவில் கட்டும். பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள், எனவே வாசலில் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவைக்க வேண்டும். இந்திய விசா எடுத்திருக்கிறாரா என்று பல வாரம் முன்பே கேளுங்கள். விசா இல்லாதவரைக் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள், அல்லது இறங்கவிடமாட்டார்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோங்கள். மெல்லிய தோல், அழுத்தினால் கறுக்கும், அதனால் மடியில் வைத்தே கொண்டுபோக வேண்டும். அதை அங்கேயே உரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், கப்பலுக்கு வேண்டாம். சீல் வைத்த ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொட்டலத்தைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிக்கும். பிளாஸ்க்கில் கொண்டுபோன கருப்பட்டிக் காபியை வாசலிலேயே ஊற்றிக் கொடுங்கள்.

கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும். அவரை அதற்கும் ஒரு மணி முன்பாக வாசலில் விட்டுவிட்டு, நீங்கள் நேரே ஃபோர்ட் கொச்சிக் கரைக்கு, சீனவலைகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கப்பல் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போகும், உங்களுக்கு வெகு அருகில். மேற்கே போகும் கப்பலுக்கு ஃபோர்ட் கொச்சி இடது கை, அதனால் இடது பக்க மேல்தளத்தில், பின்பகுதியில் நிற்கச் சொல்லிவையுங்கள். கூட்டத்தில் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தோர்த்தை (துண்டை) கொடுத்தனுப்புங்கள். கரைக்கு அவ்வளவு அருகில் கப்பலிலும் கரையின் செல் சிக்னல் கிடைக்கும். போனில் பேசிக்கொண்டே அவர் தோர்த்தை வீச, நீங்கள் கரையிலிருந்து அவரையும், அவர் கப்பலிலிருந்து உங்களையும் படம் எடுத்துக்கொள்ளலாம்.